ஃபால்அவுட் 4: செட்டில்மென்ட் கட்டி நடத்த முழு வழிகாட்டி

ஃபால்அவுட் 4 வீடியோ கேமில் செட்டில்மென்ட் (ஆட்கள் குடியிருக்கும் ஊர்) கட்டத் தொடங்கும் பலரும் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். ஒர்க்‌ஷாப் மெனுவை, அதாவது கட்டுமானப் பட்டியலைத் திறந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் வைப்பார்கள். ஆள் கூப்பிடும் ரேடியோ பீக்கனையும் அன்றைக்கே ஏற்றிவிடுவார்கள். கொஞ்ச நாளில் ஆட்கள் வந்து நிற்பார்கள்; படுக்க இடம் இருக்காது, தண்ணீர் போதாது, ரெய்டர்கள் (கொள்ளைக்காரர்கள்) வந்தால் சுட ஒரு டரெட் (தானியங்கித் துப்பாக்கி) இருக்காது. அப்புறம் "இந்த செட்டில்மென்ட் சமாசாரமே தொல்லை" என்று விட்டுவிடுவார்கள்.

கீழே உள்ள வரிசையில் பீக்கன் எட்டாவதாகத்தான் வருகிறது. எண்கள் எல்லாம் அடிப்படை விளையாட்டுக்கு உரியவை. கூடுதலாக வாங்கும் டிஎல்சி தேவைப்படும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

## 1. தொடங்கும் முன்

இரண்டு பெர்க் (லெவல் ஏறும்போது எடுக்கும் சிறப்புத் திறன்) முக்கியம். முதலாவது லோக்கல் லீடர். அதற்கு கரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) 6 வேண்டும். அதன் முதல் நிலை சப்ளை லைன் (ஊர்களுக்கு இடையே பொருள் பகிரும் வழி) போட விடும். இரண்டாம் நிலை 14-ஆம் லெவலில் திறக்கும். அது கடைகள் கட்ட விடும். ஒன்றிரண்டு செட்டில்மென்டோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் இது இல்லாமலும் ஓட்டலாம். மூன்றாவதைத் தொடும்போது இது இல்லாமல் முடியாது. காரணம் பத்தாம் பகுதியில்.

இரண்டாவது சயின்ஸ், அதற்கு இன்டெலிஜென்ஸ் 6 வேண்டும். பெரிய ஜெனரேட்டரும் பெரிய தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரமும் இதைக் கேட்கும். அவசரம் இல்லை. தொடக்கத்தில் கைப்பம்பும் சின்ன ஜெனரேட்டரும் போதும்.

கரிஸ்மாவை 1-இலோ 2-இலோ விட்டுவிட்டு "ஆளே வரமாட்டேன் என்கிறார்கள்" என்று புலம்புகிறவர்கள் உண்டு. ஒரு செட்டில்மென்டில் தங்கக்கூடிய ஆட்களின் உச்ச எண்ணிக்கை, 10-உடன் உங்கள் கரிஸ்மாவைக் கூட்டினால் வருவது. கரிஸ்மா 3 என்றால் 13 பேர், 10 என்றால் 20 பேர். கரிஸ்மா ஏற்றும் உடையும் கண்ணாடியும் போட்டிருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

அடுத்து, பொருட்களை டேக் செய்யுங்கள். ஒர்க்‌பெஞ்சில் போதாமல் இருக்கும் பொருளை டேக் செய்துவிட்டால், வெளியே லூட் அடிக்கும்போது அந்தப் பொருள் அடங்கிய குப்பையின் பெயருக்குப் பக்கத்தில் பூதக்கண்ணாடி அடையாளம் தெரியும். முதலில் டேக் செய்ய வேண்டியவை சர்க்யூட்ரி, கியர், ஆயில், காப்பர். டரெட்டும் மின்சாரமும் இந்த நான்கையும்தான் விழுங்கும். மரமும் இரும்பும் தேவைக்கு மேலேயே கிடைக்கும். அதற்காகப் பையை நிரப்ப வேண்டாம்.

டெஸ்க் ஃபேன், டைப்ரைட்டர், ஹாட் பிளேட், ஆயில் கேன், கேஸ் கேனிஸ்டர் ஆகியவற்றைப் பார்த்தால் விடாதீர்கள். டக்ட் டேப்பையும் வொண்டர்குளூவையும் துப்பாக்கி மாற்றங்களுக்காக எப்படியும் எடுப்பீர்கள்.

## 2. எந்த இடத்தில் தொடங்குவது

அடிப்படை விளையாட்டில் முப்பது இடங்களில் செட்டில்மென்ட் போடலாம். முப்பதையும் வளர்க்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நான்கைந்தை உருப்படியாக நடத்தினால் ஆட்டம் முழுவதும் தேவையானது கிடைத்துவிடும்.

கான்கார்டு மியூசியத்தில் பிரெஸ்டன் கார்வியையும் கூட இருப்பவர்களையும் மீட்டதும் அவர்கள் ஆட்டம் தொடங்கும் ஊரான சாங்ச்சுவரிக்கு வந்துவிடுவார்கள். அங்கே அவர்களில் ஒருவரான ஸ்டர்ஜஸ் படுக்கை, தண்ணீர், சாப்பாடு, காவல் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அந்தக் குவெஸ்ட்டைத் தள்ளிப்போடாமல் முடியுங்கள். மெனுவில் எது எங்கே இருக்கிறது என்பது கைப்பழக்கத்தில் வந்துவிடும், சன்மானமும் கிடைக்கும்.

சாங்ச்சுவரியின் நல்ல பக்கம், சுற்றி ஓடும் ஆறும் வெட்டி எடுக்கக் கிடக்கும் மரமும். கெட்ட பக்கம், ஓட்டை வீடுகளும் வரைபடத்தின் வடமேற்கு மூலையில் அது ஒதுங்கிக் கிடப்பதும். எனக்குப் பிடித்தது ஸ்டார்லைட் டிரைவ்-இன். மேடுபள்ளம் இல்லாத பெரிய கார் நிறுத்துமிடம். நடுவில் ஒரு குட்டை. குட்டையில் கதிர்வீச்சு பீப்பாய்கள் கிடக்கும். அவற்றை ஸ்கிராப் செய்துவிட்டால் (உடைத்துப் பாகமாக்கினால்) சுத்திகரிப்பு இயந்திரம் வைக்க அருமையான இடம். முதலில் மோல் ரேட் என்ற ராட்சத எலிகளை விரட்ட வேண்டும், அவ்வளவுதான்.

டைமண்ட் சிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹேங்மேன்ஸ் அல்லி குறுகலான சந்து. பெரிய ஊர் கட்ட முடியாது. ஆனால் சர்வைவல் என்ற மிகக் கடினமான முறையில் ஃபாஸ்ட் டிராவல் (நொடியில் வேறிடம் தாவுவது) கிடையாது, தூங்கி எழுந்தால்தான் சேவ் ஆகும். அங்கே வரைபடத்தின் நடுவில் ஒரு படுக்கை என்பது பெரிய விஷயம். ஸ்பெக்டகிள் தீவு பரப்பில் பெரியது, எதற்கும் பக்கத்தில் இல்லாதது. அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

## 3. முதலில் குப்பையை அள்ளுங்கள்

ஒர்க்‌ஷாப் முறைக்குப் போய் (கணினியில் வி பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும்) இடிந்த வீடு, துருப்பிடித்த கார், டயர், விழுந்த மரம் என எதையெல்லாம் ஸ்கிராப் செய்ய முடியுமோ செய்துவிடுங்கள். கட்டிய பிறகு செய்தால் சுவருக்கு நடுவில் செடி நீட்டிக்கொண்டு நிற்கும், தரை சமமாக உட்காராது.

சேர்த்து வந்த ஜங்க்கை ஒர்க்‌ஷாப் பெட்டியிலேயே போடலாம். அதற்கு எடை வரம்பு இல்லை. உடைக்கவும் தேவையில்லை, கட்டும்போது வேண்டிய பாகத்தை அதுவே உடைத்து எடுத்துக்கொள்ளும்.

துப்பாக்கியும் கவசமும் அப்படித் தானாக உடையாது. அவற்றை ஆயுத, கவச ஒர்க்‌பெஞ்சில் நீங்களேதான் ஸ்கிராப் செய்ய வேண்டும். ஸ்கிராப்பர் பெர்க் இருந்தால் அதில் ஸ்க்ரூ போன்ற அரிய பாகங்களும் கிடைக்கும்.

## 4. தண்ணீர்

ஓர் ஆளுக்கு ஒரு அலகு தண்ணீர். கைப்பம்பு ஒன்று 3 அலகு தரும், மின்சாரம் வேண்டாம், மண் தரை மட்டும் வேண்டும். பத்துப் பேருக்கு நான்கு பம்பு. முதல் கட்டத்துக்கு இது தாராளம்.

ஆறோ குட்டையோ இருந்தால் அடுத்து சுத்திகரிப்பு இயந்திரம். சின்னது 10 அலகு தரும், 2 அலகு மின்சாரம் கேட்கும். சயின்ஸ் பெர்க்கோடு வரும் பெரியது 40 அலகு தரும், 5 கேட்கும். இயந்திரம் நீரில்தான் உட்காரும். கரையில் வைக்கப் பார்த்தால் சிவப்பாகவே நிற்கும்.

தேவைக்கு மேல் வருகிற தண்ணீர் சுத்தமான குடிநீராக ஒர்க்‌ஷாப் பெட்டியில் சேரும். இதை விற்றால் நல்ல காசு. ஆட்டத்தின் தொடக்கத்தில் இதைவிட நிலையான கேப்ஸ் (இந்த விளையாட்டின் காசு) வருமானம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு பெரிய இயந்திரம் வைத்துவிட்டு, கடைக்காரர்களிடம் துப்பாக்கி வாங்கும்போது காசுக்குப் பதில் தண்ணீராகவே கொடுத்து வாங்கலாம்.

இங்கே புதியவர்கள் கவனிக்காத ஒன்று: பெட்டிக்குள் ஏற்கெனவே கொஞ்சம் தண்ணீர் கிடந்தால் புதிதாகச் சேருவது நின்றுவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டு வந்து திறந்து பார்த்து, "இயந்திரம் வேலை செய்யவில்லை" என்று பிரித்துப் போடுவார்கள். இயந்திரத்தில் ஒரு கோளாறும் இருக்காது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தண்ணீரை எடுத்து வேறொரு சாதாரணப் பெட்டியில் போட்டு வையுங்கள். சமையலுக்கான விளைச்சலுக்கும் இதே கதைதான்.

## 5. சாப்பாடு

ஆளுக்கு ஒரு அலகு சாப்பாடு. மியூட்ஃப்ரூட் செடி ஒன்றுக்கு 1 அலகு; சோளம், டேட்டோ, கேரட், முலாம்பழம், சுரைக்காய், ரேசர்கிரெய்ன் எல்லாம் செடிக்கு அரை அலகு. ஓர் ஆள் 6 அலகு வரை பார்த்துக்கொள்வார். அதாவது ஆறு மியூட்ஃப்ரூட், அல்லது பன்னிரண்டு மற்ற செடிகள். ஆகவே பன்னிரண்டு பேர் உள்ள ஊருக்கு விவசாயம் பார்க்க இரண்டே பேர் போதும். ஐந்தாறு பேரை வயலில் விட்டால் அத்தனை பேரும் வீண்.

ஒரு செடி நட அந்தப் பயிரில் ஒன்று கையில் இருக்க வேண்டும். முலாம்பழமும் சுரைக்காயும் சாங்ச்சுவரி வீடுகளின் பின்பக்கமே கிடைக்கும். டேட்டோவுக்கு அபெர்நாத்தி பண்ணை. மியூட்ஃப்ரூட்டுக்கு ரோபோக்கள் நடத்தும் கிரேகார்டன் போங்கள்.

எதை நடுவது என்று கேட்டால் சோளம், டேட்டோ, மியூட்ஃப்ரூட் மூன்றையும் சமமாக நடுங்கள் என்பேன். சமையல் அடுப்பில் இந்த மூன்றிலும் மூன்று மூன்று எடுத்து, ஒரு குடிநீர் பாட்டிலும் சேர்த்தால் வெஜிடபிள் ஸ்டார்ச் கிடைக்கும். அதை உடைத்தால் 5 அட்ஹீசிவ் (பசை). துப்பாக்கி மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் அட்ஹீசிவ்தான் உயிர்நாடி. டக்ட் டேப் தேடி பாஸ்டன் முழுக்க அலைவதை இந்தத் தோட்டம் நிறுத்திவிடும்.

நட்ட செடிக்கு ஆள் ஒதுக்காவிட்டால் அது விளைச்சல் தராது. புதிதாக வருபவர்கள் சிலசமயம் தாமாகவே வயலில் இறங்குவார்கள். அதை நம்பி இருக்க வேண்டாம்.

## 6. படுக்கையும் கூரையும்

ஆளுக்கு ஒரு படுக்கை. இது எல்லோருக்கும் தெரியும். படுக்கைக்கு மேலே கூரை இருக்கிறதா என்பதையும் விளையாட்டு தனியாகப் பார்க்கிறது. இதுதான் பலருக்குத் தெரியாது.

சாங்ச்சுவரியில் ஓர் உதாரணம். தெருவில் நிற்கும் வீடுகளுக்குள் நான்கு சுவர் இருக்கிறது என்று வரிசையாகக் கட்டில் போடுவார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள்: கூரைத் தகட்டில் ஓட்டை, அதன் வழியே வானம். நேர் கீழே இருக்கும் கட்டில் திறந்த வெளியில் போட்டதற்குச் சமம். ஒரு முழம் தள்ளிப் போட்டால் தீர்ந்தது. ஓட்டை பெரிதாக இருந்தால் உள்ளேயே கூரையுடன் வரும் ஆயத்த மரக் குடிலை வைத்துவிடுங்கள்.

அழகு வேலையை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். ஒவ்வொரு செட்டில்மென்டுக்கும் கட்டுமான அளவு வரம்பு உண்டு. மேலே வலப்பக்கம் ஒரு பட்டை நிரம்பிக்கொண்டே வரும். நாற்காலியும் படமும் விளக்கும் வைத்து அதை நிரப்பிவிட்டால் கடைசியில் டரெட்டுக்கு இடம் இருக்காது. துப்பாக்கிகளைத் தரையில் போட்டு ஒர்க்‌ஷாப் முறையில் உள்ளே எடுத்தால் பட்டை இறங்கும் என்ற குறுக்குவழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதைத் தாறுமாறாகச் செய்தால் ஊருக்குள் நுழைந்ததும் படம் திக்கித் திக்கி ஓடும்.

## 7. மின்சாரமும் காவலும்

மின்சாரம் எளிது. சின்ன ஜெனரேட்டர் 3, நடுத்தரம் 5, பெரியது 10. ஜெனரேட்டரிலிருந்து கருவிக்கு ஒயர் இழுக்க வேண்டும், ஒயருக்கு காப்பர் தேவை. தூரம் அதிகமானால் நடுவில் கம்பம் நட்டு இணைக்கலாம். விளக்குக்கு ஒயர் வேண்டாம். பக்கத்தில் ஒரு கான்டியூட் (மின்சாரம் பரப்பும் குழாய்) இருந்தால் தானாக எரியும். விளக்கு எரிகிறதே என்று தண்ணீர் இயந்திரத்தையும் ஒயர் இல்லாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

காவலுக்கு நிதானம் வேண்டும். செட்டில்மென்டின் சாப்பாட்டு எண்ணையும் தண்ணீர் எண்ணையும் கூட்டுங்கள். காவல் எண் அந்தக் கூட்டுத்தொகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஊரில் சரக்கு ஏறஏற அதைக் கொள்ளையடிக்க வருபவர்களும் கூடுவார்கள். காவல் எண் உயர்ந்தால் தாக்குதலுக்கான வாய்ப்பு குறையும்.

பன்னிரண்டு பேர் ஊர் என்றால் சாப்பாடு 12, தண்ணீர் 12, மொத்தம் 24. மெஷின்கன் டரெட் ஒன்றுக்கு 5. ஐந்து டரெட் வைத்தால் 25, கணக்கு சரி. ஆனால் இதே ஊரில் விற்பனைக்கென்று 40 அலகு தண்ணீர் இயந்திரம் ஒன்றைப் புதிதாக இறக்கினால் கூட்டுத்தொகை 64 ஆகிவிடும். தண்ணீர் விற்று வந்த காசில் குதூகலமாக இருக்கும்போதுதான் கன்னர்கள் (கூலிப்படை) வந்து வயலை மிதித்துவிட்டுப் போவார்கள். தண்ணீரை ஏற்றும் அன்றே டரெட்டையும் ஏற்றுங்கள்.

மெஷின்கன் டரெட்டுக்கு மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். கார்டு போஸ்ட் (ஆள் நின்று காக்கும் இடம்) ஒன்றுக்கு 2 மட்டுமே, ஆளும் ஒதுக்க வேண்டும். ஒரே ஆளால் மூன்று போஸ்ட் வரை பார்க்க முடியும். டரெட் செய்ய சர்க்யூட்ரி இல்லாத நாட்களில் போஸ்ட் கைகொடுக்கும். லேசர் டரெட் மின்சாரம் கேட்கும். ஜெனரேட்டரை எவனாவது உடைத்தால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும். அதனால் முதல் சில டரெட்களை மின்சாரம் வேண்டாதவையாகவே வையுங்கள்.

எங்கே வைப்பது? ஊரைச் சுற்றி மதில் எழுப்பி வாசலில் மட்டும் டரெட் வைப்பவர்கள் நிறையப் பேர். எதிரிகள் எப்போதும் வாசல் வழியாக வருவதில்லை. சில ஊர்களில் அவர்கள் தோன்றும் இடமே மதிலுக்கு உள்ளே இருக்கும். சாங்ச்சுவரியில் பாலத்தை மட்டும் காத்தால் பின்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். மதிலுக்குச் செலவழிக்கும் மரத்தை உயரமான மேடைகளுக்குச் செலவழியுங்கள். கூரை மேல் வைத்த டரெட்டுக்கு நான்கு பக்கமும் தெரியும். கீழே உள்ள ஆட்கள் குறுக்கே வந்து நிற்கவும் மாட்டார்கள். ஜெனரேட்டருக்கும் தண்ணீர் இயந்திரத்துக்கும் பக்கத்தில் தலா ஒன்று கட்டாயம்.

கடைசியாக, பவர் ஆர்மரை (இயந்திரக் கவசம்) ஊரில் நிறுத்துவதாக இருந்தால் அதன் மின்கலமான ஃபியூஷன் கோரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தாக்குதல் வந்ததும் யாராவது ஒருவர் கவசத்துக்குள் ஏறிக்கொண்டு சண்டைக்குப் போய்விடுவார்.

## 8. இப்போது பீக்கன்

பத்துப் பேருக்கான தண்ணீர், சாப்பாடு, படுக்கை, காவல் எல்லாம் தயாரா? சரி, இப்போது பீக்கனை ஏற்றுங்கள். 1 அலகு மின்சாரம் போதும்.

ஆட்கள் ஒரே நாளில் வந்துவிட மாட்டார்கள். வெளியே போய் உங்கள் குவெஸ்ட்டைப் பாருங்கள். பக்கத்திலேயே காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஏற்பாடு செய்த எண்ணிக்கை நிரம்பியதும் பீக்கனை அணைத்துவிடுங்கள். இதை யாரும் செய்வதில்லை! வசதியைக் கூட்டியபின் மறுபடி போட்டால் போயிற்று.

## 9. வேலை பிரித்துக் கொடுத்தல்

ஒர்க்‌ஷாப் முறையில் ஆளைத் தேர்ந்தெடுத்து, பிறகு அவர் பார்க்க வேண்டிய செடியையோ போஸ்ட்டையோ கடையையோ தேர்ந்தெடுக்க வேண்டும். பயிருக்கு ஒரு செடியைக் காட்டினால் போதும், பக்கத்தில் ஆளில்லாமல் கிடக்கும் செடிகளையும் அவரே எடுத்துக்கொள்வார்.

சிக்கல் என்னவென்றால் எல்லோருக்கும் பெயர் "செட்டிலர்"தான். யார் விவசாயி, யார் காவலாளி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. விவசாயி என்று நினைத்து ஒருவரை கடையில் உட்கார வைத்தால் வயலில் ஆள் இல்லாமல் போகும். இரண்டு நாள் கழித்துத்தான் அது தெரியும்.

இதற்கு எளிய வழி தொப்பி. லூட்டில் வீணாகக் கிடைக்கும் உடைகளைச் சேர்த்து வைத்து, வேலை கொடுத்த கையோடு உடையும் கொடுத்துவிடுங்கள். விவசாயிக்கு வைக்கோல் தொப்பி, காவலுக்கு உலோக ஹெல்மெட், கடைக்காரருக்கு சூட். கொடுத்தால் மட்டும் போதாது, அவருடைய பொருள் பட்டியலில் அதை எக்விப் செய்துவிட வேண்டும். வால்ட்-டெக் ஒர்க்‌ஷாப் டிஎல்சி இருந்தால் ஆட்களின் வேலையைப் பட்டியலாகக் காட்டும் டெர்மினல் ஒன்று கிடைக்கும்; ஆனாலும் தொப்பி வசதி வேறு.

அப்படியே ஒரு நல்ல துப்பாக்கியும் அதற்கான ஒரே ஒரு தோட்டாவும் கொடுங்கள். செட்டிலர்களுக்குத் தோட்டா தீராது, ஒன்று இருந்தால் போதும். கூட வரும் கம்பானியனுக்கு இது பொருந்தாது.

ஊர் முழுக்கச் சிதறிக் கிடப்பவர்களைத் தேடி ஓட வேண்டாம். ஒரு மணி கட்டி வைத்து அடித்தால் எல்லோரும் வந்து கூடுவார்கள். வேலை மிச்சமில்லாத ஆட்களை ஸ்கேவெஞ்சிங் ஸ்டேஷனில் ஒதுக்குங்கள், ஜங்க் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒரு ஸ்டேஷனுக்கு ஓர் ஆள்தான்.

## 10. சப்ளை லைன்

இரண்டாவது ஊரில் போய் நிற்கும்போதுதான் இதன் அருமை தெரியும். சேர்த்த இரும்பும் மரமும் முதல் ஊரின் பெட்டியில் கிடக்கும். இங்கே ஒரு படுக்கைகூட போட முடியாது. எல்லாவற்றையும் முதுகில் சுமந்து நடப்பதற்குப் பதிலாக லோக்கல் லீடர் முதல் நிலையை எடுத்து, ஓர் ஆளை சப்ளை லைனில் விடுங்கள். அவர் ஒரு மாட்டுடன் இரண்டு ஊருக்கும் நடந்துகொண்டே இருப்பார். அந்த மாடுதான் பிராமின், இரண்டு தலை. கட்டுமானப் பொருட்கள் இரண்டு ஊருக்கும் பொதுவாகிவிடும்.

இங்கே இரண்டு குழப்பம் வரும். ஒன்று: "லைன் போட்டேன், ஆனால் அந்த ஊர் பெட்டியில் இரும்பைக் காணோம்" என்பார்கள். பெட்டியில் தெரியாது, கையில் எடுக்கவும் முடியாது. கட்டும்போதும் ஒர்க்‌பெஞ்சில் செய்யும்போதும் மட்டும் கணக்கில் வரும். துப்பாக்கி, கவசம், மருந்து எதுவும் பகிரப்படாது.

இரண்டு: ஒவ்வொரு ஊரிலிருந்தும் மற்ற எல்லா ஊருக்கும் லைன் போட வேண்டும் என்று நினைப்பார்கள். தேவையே இல்லை. சங்கிலிபோல ஒன்றையொன்று தொட்டால் முழு வலையும் பொது. ஐந்து ஊருக்கு நான்கு ஆள் போதும். எல்லா லைனையும் சாங்ச்சுவரியிலிருந்தே போட்டால் என்ன ஆகும் தெரியுமா? பாலத்தில் மாடும் ஆளுமாக நெரிசல், கதவைத் திறந்தால் மாடு. ஊருக்கு ஒருவராக, அடுத்த ஊருக்கு அனுப்புங்கள்.

லைனில் போனவர் கிளம்பிய ஊரின் கணக்கிலேயே இருப்பார். ஆனால் அங்கே வேறு வேலை செய்ய மாட்டார். அதனால் விவசாயியைத் தவறிப்போய் அனுப்பிவிடாதீர்கள். ஆட்டோமேட்ரான் டிஎல்சி இருந்தால் ஒரு ரோபோவைக் கட்டி அனுப்புவதே என் வழக்கம். ஆளும் மிச்சம், வழியில் சண்டை வந்தாலும் கவலை இல்லை.

## 11. மகிழ்ச்சியும் கடைகளும்

மகிழ்ச்சி எண்ணில் சாப்பாட்டுக்கு 20, தண்ணீருக்கு 20, படுக்கைக்கு 10, கூரைக்கு 10, பாதுகாப்புக்கு 20. எல்லாம் சரியாக இருந்தால் மகிழ்ச்சி எண் 80-க்குப் பக்கத்தில் நிற்கும். மேலே ஏற்ற வேண்டுமென்றால் கடை வேண்டும். அதற்கு லோக்கல் லீடர் இரண்டாம் நிலையும் கையில் கேப்ஸும் தேவை. மதுக்கடையும் மருத்துவ நிலையமும் முதலில் கட்டத் தகுந்தவை; துணிக்கடையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கடை வருமானத்தில் ஒரு பங்கு ஒர்க்‌ஷாப் பெட்டிக்கு வரும்.

எண் ஏறுவது மெதுவாகத்தான். கடை வைத்த மறுநிமிடம் பார்த்துவிட்டு இடிக்காதீர்கள். 100 எடுத்து டிராஃபி வாங்கும் எண்ணம் இல்லையென்றால் 80-இலேயே நிம்மதியாக இருக்கலாம். ரோபோக்களை நிறையக் குடிவைத்தால் சராசரி ஏறாது, அவற்றின் மகிழ்ச்சி 50-இலேயே நிற்கும்.

## 12. நீங்கள் இல்லாதபோது

தாக்குதல் அறிவிப்பு திரையின் மூலையில் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு மறைந்துவிடும். பிப்-பாயில் (கையில் கட்டியிருக்கும் கணினி) குவெஸ்ட்டாக அது காத்திருக்கும். நேரில் போனால் சண்டை உங்கள் கண் முன்னே நடக்கும், பெரும்பாலும் வெற்றிதான். போகாவிட்டால் காவல் எண்ணை வைத்து விளையாட்டே முடிவு செய்யும். காவல் உயர்வாக இருந்தாலும் சிலசமயம் சேதம் வரும். சர்வைவல் முறையில் ஓடிப்போய்ச் சேர முடியாது என்பதால் அங்கே காவல் எண்ணைக் கணக்குக்கு மேலே வையுங்கள்.

பிரெஸ்டனிடம் ஒரு உதவியை முடித்துவிட்டுப் பேசினால் இன்னொரு ஊருக்கு உதவி வேண்டும் என்பார். அதை முடித்தால் இன்னொன்று. வேண்டாம் என்றால் அவர் இருக்கும் பக்கம் போகாமல் இருப்பதே வழி. வேறொரு ஊருக்கு அவரை அனுப்பிவிட்டவர்கள் உண்டு.

சேதத்துக்குப் பிறகு முதல் வேலை பழுது பார்ப்பது. உடைந்த செடி விளையாது, உடைந்த டரெட் காவல் எண்ணில் சேராது. ஒர்க்‌ஷாப் முறையில் ஒரு சுற்று நடந்தாலே எது உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஜெனரேட்டரில் தொடங்குங்கள், அது போயிருந்தால் மற்றதும் ஓடாது.

பிப்-பாயின் டேட்டா பக்கத்தில் ஒர்க்‌ஷாப் பட்டியல் இருக்கிறது. பிரச்சினை உள்ள ஊருக்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி வரும். ஆனால் தொலைவில் இருந்து பார்க்கும் எண்களை அப்படியே நம்ப வேண்டாம். இருபது படுக்கை உள்ள ஊரில் படுக்கை மூன்று என்று காட்டுவது இந்த விளையாட்டின் பழைய பிழை. அவசரமாக ஊருக்குள் வந்து உடனே கிளம்பும்போது இது அதிகம் நடக்கும். நேரில் போய், எல்லாம் லோடாகும் வரை நின்று, ஒர்க்‌ஷாப் முறையைத் திறந்து மேலே ஓடும் எண்களைப் பாருங்கள். அங்கேயும் குறைவாகக் காட்டினால் மட்டும் புதுப் படுக்கை போடுங்கள்.